அரிப்பு நின்றது, படர்தாமரை போய்விட்டதா?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ உள்ள ஒரு மருந்தகத்தில் சனிக்கிழமை மாலை சற்று நேரம் நின்று பார்த்தால் தெரியும். இடுப்பிலோ, தொடை இடுக்கிலோ, கால் விரலிடுக்கிலோ அரிப்பு என்று வருகிறவர் இடத்தைச் சொல்ல மாட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்க” என்பார். பத்து பதினைந்து வெள்ளி கொடுத்து ஒரு டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியேறுவார். ஒரு மாதத்தில் அதே அரிப்பு, அதே மருந்தகம், வேறொரு டியூப்.

எங்கே தவறு நடக்கிறது? அவர் கேட்டது அரிப்புக்கான கிரீம். அவருக்குத் தேவைப்பட்டதோ பூஞ்சையைக் கொல்லும் கிரீம். இரண்டும் ஒன்றல்ல. சில நேரங்களில் ஒன்றுக்கொன்று எதிரியாகவும் இருக்கும்.

படர்தாமரை, தேமல், சேற்றுப்புண் என்று நம் பாட்டிமார்கள் பெயர் வைத்ததும், மலாய்க்காரர்கள் குராப், பானாவ், குத்து ஆயர் என்று சொல்வதும் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுகளையே. உலகில் மிகப் பரவலாக உள்ள நோய்களில் தோலின் பூஞ்சைத் தொற்று நான்காவது இடத்தில் இருப்பதாக 2010-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு கூறியது. ஏறத்தாழ 98 கோடிப் பேர். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிள்ளான் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பன்னிரண்டு மணி நேரம் பாதுகாப்புக் காலணிக்குள் வெந்துகொண்டிருக்கும் பாதங்கள், பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் இறுகும் இடுப்பு, அடுக்குமாடி வீட்டின் உள்ளே காயவைத்து முழுதும் காயாத உள்ளாடை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

படர்தாமரைப் பூஞ்சை உயிருள்ள சதையைத் தின்பதில்லை. தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதமே அதற்கு உணவு. ஓரிடத்தில் இறங்கி வட்டமாக வெளிப்பக்கம் பரவும். நடுவில் தோல் தெளிந்துவிடும், விளிம்பு மட்டும் சிவந்து மேடாக இருக்கும். அந்த விளிம்பில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கிறது. ஆகவே வட்டத்தின் நடுவில் மட்டும் களிம்பைத் தடவுவது, திருடன் போன பிறகு வீட்டைப் பூட்டுவது போலத்தான். விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் பூச வேண்டும்.

டியூபில் இருப்பது என்ன?

மருந்துச் சீட்டு இல்லாமல் மருந்தகத்தில் கேட்டு வாங்கக்கூடிய பூஞ்சைக் கிரீம்களில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. ஒன்று, குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற அசோல் வகை. இவை 1970-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளவை. மற்றது, 1990-களில் பரவலான டெர்பினாஃபின். பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. மனித செல்லில் அது கிடையாது. அதை உண்டாக்கும் வேலையைத்தான் இந்த மருந்துகள் வெவ்வேறு கட்டங்களில் தடுக்கின்றன. பூஞ்சை சாகிறது, நம் தோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை.

மூன்றாவதாக நிஸ்டாட்டின் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் 1950-இல் அறிவித்த மருந்து இது. அந்த மாநிலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வாய்ப்புண், மடிப்புகளில் வரும் புண் ஆகியவற்றை உண்டாக்கும் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைக்கு அது கேட்கும். படர்தாமரைக்குக் கேட்காது. பேத்தியின் வாய்ப்புண்ணுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று தாத்தா இடுப்பில் தடவினால் பயன் இல்லை.

இனி எத்தனை நாள் என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். குளோட்ரிமசோலைத் தினமும் இரண்டு அல்லது மூன்று முறை பூசினால் நான்கைந்து நாளில் அரிப்பு அடங்கும். அரிப்பு அடங்கியதும் டியூப் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் தோலின் அடுக்குகளில் பூஞ்சையின் இழைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. படர்தாமரைக்குக் குளோட்ரிமசோல் நான்கு வாரமாவது வேண்டும். தோல் பார்வைக்குச் சுத்தமான பிறகும் ஒன்றிரண்டு வாரம் பூசுவது நல்லது. டெர்பினாஃபின் தோலில் தங்கி நின்று வேலை செய்வதால் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், இரண்டு வாரத்திற்கு மேல் பொறுமையாகப் பூச மாட்டேன் என்கிறவருக்கு அதுவே இலாபம். விரல் நுனியிலிருந்து முதல் மூட்டு வரை பிதுக்கிய கிரீம், இரண்டு உள்ளங்கை அளவு இடத்திற்குப் போதும். அப்பிக்கொள்வதால் மருந்து வேகமாக வேலை செய்யாது.

வீட்டு வைத்தியம் என்று கேட்பவர்களும் உண்டு. சீமை அகத்தி, மலாயில் கெலெங்காங், இலைக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்மையிலேயே உண்டு. ஆங்கிலத்திலும் அதற்குப் படர்தாமரைச் செடி என்றுதான் பெயர். ஆனால் எவ்வளவு அரைப்பது, எத்தனை நாள் பூசுவது என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டித் தோல் வெந்துபோய் மருத்துவமனைக்கு வந்தவர்களின் கதை மருத்துவ ஏடுகளில் இருக்கிறது.

“மூன்றும் ஒன்றில்” என்ற வலை

இப்போது அந்த இரண்டாவது டியூபுக்கு வருவோம். சில கிரீம்களில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும், பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு மருந்தும் சேர்ந்திருக்கும். எது வந்தாலும் இதுவே போதும் என்ற நினைப்பில் மக்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். பூசிய மறுநாளே அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். “நல்ல மருந்து” என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் பெயரை எழுதிக் கொடுப்பார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. அரிப்பும் சிவப்பும், பூஞ்சை நுழைந்ததைக் கண்டு உடம்பு எழுப்பும் கூக்குரல். ஸ்டீராய்டு அந்தக் குரலை அடக்கிவிடுகிறது. எதிர்ப்பு குறைந்த தோலில் பூஞ்சை தாராளமாகப் பரவுகிறது. கிரீமை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது. மறுபடி பூசினால் மறுபடி அடங்குகிறது. சில மாதங்களில் வட்டம் வட்டமாக இல்லாமல், எந்த நோய் என்று தோல் மருத்துவரே உடனே சொல்ல முடியாதபடி உருமாறிப் போகிறது. இதற்கு “மாறுவேடப் படர்தாமரை” என்ற பொருளில் 1968-லேயே இரு மருத்துவர்கள் பெயர் சூட்டிவிட்டார்கள். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசினால் தோல் மெலிந்து, பிரசவக் கோடுகளைப் போலக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு போவதில்லை. கடுமையான வீக்கம் இருந்தால் மருத்துவர் சில நாளுக்கு மட்டும் இப்படிப்பட்ட கலவையைத் தருவதுண்டு. அது அவர் பார்த்துத் தருவது. நாமே வாங்கி மாதக்கணக்கில் பூசுவது அல்ல.

மலேசியாவில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பிறகு எப்படி நம் வீட்டு அலமாரிக்கு வருகின்றன? சென்னைக்கோ திருச்சிக்கோ போனவர்கள் புடவை, முறுக்கோடு இரண்டு டியூபும் வாங்கி வருவதுண்டு. அங்கே இந்தக் கதை பெரிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் ஏறத்தாழ 2014-க்குப் பிறகு தோல் மருத்துவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். இரண்டு வாரத்தில் ஆறிய படர்தாமரை மாதக்கணக்கில் ஆறவில்லை. உடம்பெல்லாம் பரவியது, வீட்டில் எல்லாருக்கும் வந்தது. கடைகளில் சீட்டில்லாமல் கிடைத்த ஸ்டீராய்டுக் கலவைக் கிரீம்களே முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து எச்சரித்தது. 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளைச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலுக்குக் கொண்டுவந்தது.

அதற்குள் பூஞ்சையும் மாறிவிட்டிருந்தது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அங்கே வசித்த ஒரு இந்தியரிடமும் ஒரு நேப்பாளியிடமும் எடுத்த பூஞ்சையைத் தனி இனமாக அறிவித்து டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் எந்த நொதியைத் தாக்குமோ, அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவிலேயே இதில் பலவற்றுக்கு மாற்றம் ஏற்பட்டுவிட்டது. அதனால் மருந்து பிடிப்பதில்லை. 2023-இல் நியூயார்க் நகரில் இரு பெண்களிடம் இது கண்டறியப்பட்டபோது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் தனி அறிக்கையே வெளியிட்டது. ஒருவர் வங்காளதேசம் போய் வந்தவர். இன்னொருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் அன்றாடம் விமானம் பறக்கும் கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதைத் தூரத்துச் செய்தியாகப் படிக்க முடியாது. டெர்பினாஃபினை ஒழுங்காகப் பூசியும் படர்தாமரை பரவிக்கொண்டே போனால், அதிலும் ஊருக்குப் போய்வந்த பிறகு தொடங்கியதானால், அந்தப் பயணத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேறு மருந்தை உள்ளுக்கு, நீண்ட நாள் தர வேண்டி வரலாம்.

டியூபை வாங்கும் முன் பெட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். விளம்பரப் பெயரை அல்ல, அடியில் உள்ள மருந்தின் பெயரை. “சோன்” என்று முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு: ஹைட்ரோகார்ட்டிசோன், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன். “அசோல்” என்று முடிந்தால் பூஞ்சை மருந்து. இதில் ஒரு பொறி இருக்கிறது. குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. குளோபெட்டசோலோ, தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. கண்ணாடி இல்லாமல் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும், ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். எண்ணின் கடைசி இலக்கத்தை அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். எக்ஸ் என்றால் பொது விற்பனைக்குரியது. ஏ என்றால் நச்சுப்பொருள் பட்டியலில் உள்ளது. மருத்துவரோ மருந்தாளுநரோ தர வேண்டியது. டி என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணே இல்லாத, பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் “மூலிகைக் களிம்பு” டப்பாக்கள் மாயமாக வேலை செய்தால் மகிழ வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மூலிகை என்றும் அழகு கிரீம் என்றும் விற்கப்படும் பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து அறிவிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

கிரீம் போதாத இடங்கள்

தேமல் விஷயத்தில் வேறொரு குழப்பம். கிரீம் தடவியும் வெள்ளைத் திட்டு போகவில்லையே என்று டியூப் டியூபாக வாங்குவார்கள். பூஞ்சை இரண்டு வாரத்தில் செத்திருக்கும். ஆனால் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். நகத்தால் இலேசாகச் சுரண்டினால் மாவு போல உதிரவில்லை என்றால் பூஞ்சை போயிருக்க வாய்ப்பு அதிகம், மருந்தை நிறுத்திவிட்டுப் பொறுத்திருக்கலாம். முதுகெல்லாம் தேமல் உள்ளவர் கிரீமோடு மல்லுக்கட்டுவதைவிடக் கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைட் ஷாம்புவை உடம்பில் தடவி, ஐந்து பத்து நிமிடம் விட்டுக் கழுவுவது எளிது. அதே கீட்டோகோனசோலை மாத்திரையாக விழுங்குவது வேறு விஷயம். கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் 2013-இல் ஐரோப்பாவில் அந்த மாத்திரையை நிறுத்தப் பரிந்துரைத்தார்கள். அமெரிக்காவும் அதே ஆண்டு கடும் கட்டுப்பாடு விதித்தது.

வெளிறிய திட்டில் உணர்ச்சி இல்லை என்றால், பஞ்சால் தொட்டால் தெரியவில்லை, சூடு உறைக்கவில்லை என்றால், எந்தக் கிரீமும் வேண்டாம். நேராகக் கிளினிக்கிற்குப் போக வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். 1930-இல் சுங்கை பூலோவில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பை நினைத்துக்கொண்டு பலர் பயந்து மறைக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்று வீட்டில் இருந்தபடியே கூட்டு மருந்து சாப்பிட்டு, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முழுதும் குணமாகலாம். தேமல் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டிருந்தால் நரம்பு செத்து விரல் மடங்கிவிடும்.

நகத்தில் பூஞ்சை பிடித்தால் கிரீம் உள்ளே இறங்காது. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்கான பூச்சும் மாத்திரையும் வேறு. குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் விட்டால் அதுவும் கிரீமுக்கு அடங்காது, பூஞ்சை முடியின் வேரில் இருக்கிறது. உள்ளுக்கு மருந்து வேண்டும். வீட்டுக்குப் புதிதாகப் பூனைக்குட்டி வந்ததா என்று மருத்துவர் கேட்டால் வியக்க வேண்டாம். அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு வரும் கேண்டிடா தொற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. தயிர் போல வெள்ளை, பொறுக்க முடியாத அரிப்பு. உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை மருந்தாளுநரிடமே கிடைக்கும். முன்பு ஒருமுறை மருத்துவர் பார்த்து இது இன்னதென்று சொன்னவர்களுக்கு அது சரி. முதல்முறை வருபவர், கர்ப்பிணி, துர்நாற்றமோ அடிவயிற்று வலியோ காய்ச்சலோ உள்ளவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அது வேறு தொற்றாக இருக்கலாம். வாஃபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சாப்பிடுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல் கூட அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கும். சீட்டில்லாமல் வாங்கும் அந்த ஜெல்லை வாஃபரின் சாப்பிடுவோர் பயன்படுத்தக் கூடாது என்று 2017-இல் பிரிட்டன் அறிவித்தது.

அடிக்கடி வந்துகொண்டே இருந்தால்? டியூபை மாற்றுவதற்கு முன் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர்! இவர்களில் கணிசமானோருக்கு நோய் இருப்பதே தெரியாது. தொடை இடுக்கில் ஆறாத புண்ணும், மனைவிக்குத் திரும்பத் திரும்ப வரும் வெள்ளைப்படுதலும், கணவருக்கு ஆணுறுப்பு நுனியில் வரும் சிவப்பும் சில குடும்பங்களில் நீரிழிவின் முதல் அறிவிப்பாக இருக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகுளிஃப்ளோசின், டாபாகுளிஃப்ளோசின் மாத்திரைகளைச் சாப்பிடுவோருக்கும் இந்தத் தொற்று வர வாய்ப்பு அதிகம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் போதும்.

நீரிழிவுக்காரருக்குச் சேற்றுப்புண்ணும் அற்பமானதல்ல. விரலிடுக்கில் வெடித்த தோல் வழியாக பாக்டீரியா நுழைந்து கால் சிவந்து வீங்கும். கால் உணர்ச்சியற்று இருப்பவருக்கு அது வலிக்காது. விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோன புண்களில் சில, கவனிக்காமல் விட்ட சேற்றுப்புண்ணாகத்தான் தொடங்கியிருக்கும். குளித்த பின் விரலிடுக்குகளைத் தனித் துணியால் ஒற்றி உலர்த்துவதும், பருத்திக் காலுறையைத் தினமும் மாற்றுவதும், வேலைக் காலணி இரண்டு சோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிவதும் பணக்காரர் வைத்தியம் அல்ல. ஒரே துண்டை வீட்டில் எல்லாரும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். ஒரே வீட்டில் இருவருக்குப் படர்தாமரை என்றால் இருவரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும். இல்லையேல் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பைச் சூடான நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கலாம். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

முறையாகப் பூசியும் நான்கு வாரத்தில் குணமில்லை என்றால், அல்லது முகத்திலோ உடம்பில் பரவலாகவோ வந்தால், அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிக் காட்டலாம். தோலின் விளிம்பைச் சற்றுச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழை தெரிந்துவிடும். வலி இல்லாத சோதனை. போவதற்கு முன் சில நாள் கிரீம் எதையும் பூசாமல் இருந்தால் முடிவு தெளிவாக இருக்கும். இதுவரை பூசிய டியூப்கள், டப்பாக்கள், ஊரிலிருந்து வந்தவை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். “என்னமோ வெள்ளை டியூப், பச்சை மூடி” என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது.